புலி வரி மீன்

கும்மிடிப்பூண்டி லோக்கலில், பெண்கள் பெட்டியின் ஜன்னலோரம் அந்த அக்கா உட்காருவார். கம்பெனி யூனிஃபார்ம், தடித்த மூக்குக்கண்ணாடி, மடியில் ஒரு டிபன் டப்பா. டப்பாவில் சேவல் இறகும் நூலும் தூண்டில் முள்ளும் இருக்கும். வண்டி ஆடுகிற ஆட்டத்திலும், முள்ளின்மேல் இறகைச் சுற்றிக் கட்டி ஈ மாதிரி ஒன்று செய்துவிடுவார்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இன்னாக்கா இது?"

"மீன ஏமாத்துற பூச்சி. அமெரிக்காவுல தங்கச்சி கீறா. லீவு போட்டுக்கினு போறேன். அங்க ஏரியில டைகர் ட்ரவுட்னு ஒரு மீனு, ஒடம்பெல்லாம் புலி மாதிரி வரி. இத தண்ணி மேல வீசுனா வந்து கவ்வுமாம்."

"கொழம்பு வெப்பீங்களா?"

"சேச்சே! கையில வெச்சுப் பாத்துட்டு வுட்ருவேன்."

"அதுக்கா அவ்ளோ தூரம்? பழவேற்காட்டுல இல்லாத மீனா?"

"அங்க புடிச்சா ஊட்ல கொழம்பு கேப்பாங்க. எனக்குன்னு ஒண்ணு புடிக்கணும்மா."

ஒரு மாதம் அவரைக் காணோம். திரும்பி வந்த அன்று பெட்டியே சூழ்ந்துகொண்டது.

"மாட்டுச்சாக்கா?"

"மாட்டுச்சு. கைக்கு வர்றதுக்குள்ள நூல அறுத்துக்கினு போயிடுச்சு."

எல்லோரும் உச்சுக் கொட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னா அவசரமோ அதுக்கு! நானே வுட்டிருப்பேன்."

பெட்டியே சிரித்தது. பொன்னேரி தாண்டியதும் என் பக்கம் சாய்ந்து, "அடுத்த தபா நீயும் வர்றியா?" என்றார்.

பாஸ்போர்ட்கூட இல்லாத நான் ஏன் உடனே தலையாட்டினேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.