சாவி கேட்ட அக்கா

எங்கள் வீட்டின் மூத்த மகளான அக்கா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. ஒருநாள் கூலியையும் விட்டுவிட்டு வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலரில் அக்காவைப் பற்றிக் கோபமில்லாமல் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். முடியவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அக்கா எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது அப்பா லாரியிலிருந்து விழுந்து இடுப்பு உடைந்து படுத்தார். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்த அக்காவை மறுவாரமே காசிமேட்டில் இறால் உரிக்க அனுப்பினார்கள். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்களோடு விடிகாலையில் எனக்குத் தலை பின்னி, என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். நான் இன்று ஆசிரியையாக இருப்பது அதனால்தான். இதைத் தியாகம் என்று உறவினர்கள் புகழ்கிறார்கள். படிப்பை விட்டுக்கொடுக்கிறாயா என்று அக்காவிடம் ஒருவரும் கேட்கவே இல்லையே, அது எப்படித் தியாகமாகும்?

திருமணமாகி அக்கா சடையங்குப்பத்துக்குப் போனார். இரண்டு மகன்கள். மழைக்காலத்தில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். அங்கேயும் இறால் வேலை தொடர்ந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் மதியம், பக்கத்து வீட்டுப் பெண் தேவி புத்தகப்பையைப் பின்பக்கம் பிடித்துப் பாவாடையை மறைத்தபடி அழுதுகொண்டே வந்தாள். ஒன்பதாவது படிப்பவள். பள்ளியிலிருந்து அவ்வளவு தூரமும் அப்படியே நடந்து வந்திருக்கிறாள். வகுப்பில் இருக்கும்போதே மாதவிலக்காகி, கழிப்பறைச் சாவி கேட்டிருக்கிறாள். பள்ளியில் கழிப்பறை இருந்தது, ஆனால் பூட்டி இருந்தது. சாவி ஆசிரியர்களுக்கு மட்டும். "உங்க பக்கத்துப் பொண்ணுங்க வந்தாலே இப்படித்தான். வீட்டுக்குப் போ" என்று எல்லார் முன்னாலும் டீச்சர் சொல்லிவிட்டார்.

அந்தப் பெண்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. அதே தெருவில் ஏற்கெனவே நான்கு பெண்கள் படிப்பை நிறுத்தியிருந்தார்கள். படிப்பு ஏறவில்லை என்றுதான் ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா அந்தப் பள்ளிக்குப் போனார். எனக்கு அன்று விடுமுறை, கூடப் போனேன்.

"சார், கக்கூஸ் சாவி வோணும்."

"நீ யாரும்மா? உன் பொண்ணு எந்த கிளாஸ்?" என்றார் தலைமையாசிரியர்.

"எனுக்குப் பொண்ணு இல்ல சார். பக்கத்து வூட்டுப் பொண்ணுக்காக வந்துகிறேன்."

அவர் சிரித்தார். "தொறந்து விட்டா ரெண்டே நாள்ல நாசம் பண்ணிடுங்க. எப்படியும் எறா உரிக்கத்தானே போகுதுங்க? அதுக்கு எதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?"

"எறா உரிக்கிறவளுக்கும் ஒண்ணுக்கு வரும் சார். சாவிய குடு."

கொடுக்கவில்லை. அக்கா பள்ளிக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார். இரண்டாம் நாள் தேவியின் அம்மா வந்தார். பிறகு தெருப்பெண்கள் ஆறு பேர், வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தார்கள். நம் சொந்தத்திலேயே சிலர் அக்காவைக் 'கக்கூஸ்காரி' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். அவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பார்கள். படிக்கட்டும்.

பத்து நாள் கழித்துப் பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். திறந்துவிடுகிறோம், ஆனால் உங்கள் தெரு மாணவிகள்தான் தினமும் கழுவ வேண்டும். கூட இருந்தவர்கள் ஓய்ந்து போயிருந்தார்கள். சரி என்று தலையாட்டப் பார்த்தார்கள். அக்கா எழுந்து நின்றார்.

"எல்லாப் புள்ளைங்களும் போற எடம் அது. எங்க புள்ளைங்க கையில மட்டும் இன்னாத்துக்குத் தொடப்பம்? கழுவ ஆள் போடு. போடாங்காட்டி நாங்க இங்கியேதான் குந்திக்கினு இருப்போம்."

அன்றைக்கு அக்கா சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். கல்வி அலுவலகத்துக்கு எத்தனை நடை நடந்தோம் என்று கணக்கில்லை. கடைசியில் ஒரு பெண் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கு வந்து, அவரே சாவியைக் கேட்டார். தேடி எடுக்க அரைமணி நேரம் ஆனது. அந்த அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகே கழிப்பறை திறந்தது, கழுவ ஆளும் வந்தார்.

அதற்குள் அந்தக் கல்வியாண்டே முடிந்துவிட்டது. தேவிக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள். அக்கா பந்தியில் உட்காராமல் திரும்பி வந்தார். "ஒரு பூட்டத் தொறக்க ஒரு வருசமாடி? அந்தப் புள்ள வாழ்க்கையே போச்சேடி" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். அக்கா அழுது நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும், ஏற்கெனவே படிப்பை நிறுத்தியிருந்த அந்த நால்வரின் வீட்டுக்கும் அக்கா போனார். இருவரின் பெற்றோர் கதவைச் சாத்தினார்கள். இருவர் திரும்பப் படித்துப் பத்தாவது தேறினார்கள். அதில் ஒருத்தி இன்று செவிலியர்.

அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுவிட்டன. இறால் கம்பெனியில் வேலைக்கு நடுவில் எழுந்து போக விடமாட்டார்கள். அக்காவும் அத்தனை வருடம் தண்ணீர் குடிக்காமலே வேலை பார்த்தவர்தான். அதுதான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. என் மனதில் இருப்பதை எழுதுகிறேன். இறக்கும்போது அக்காவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

கேட்டுக்கு வெளியே அக்காவோடு உட்கார்ந்த பெண்களுக்கும், டயாலிசிஸுக்கு வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்கார அண்ணனுக்கும், கடைசிவரை கஞ்சி வைத்துக்கொண்டு வந்த தேவிக்கும், அக்காவைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்னும் ஒன்று. சித்தப்பா, உங்கள் மகள் பத்தாவது வகுப்புக்குப் போக வேண்டியவள். போன வாரத்திலிருந்து வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். எல்லாரும் படிக்கும் மலரில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன். சீருடை போட்டுத் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.