சுப்பராமனின் எண்பத்தெட்டு நாட்கள்

1937-ஆம் வருஷம் செப்டம்பர் மாதக் கடைசியில், மதுரை வடக்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சுப்பராமன் ஜூலை மாதத்தை எழுதிக்கொண்டிருந்தான்.

இண்டர்மீடியட் முதல் வருஷம். முதல் டெர்ம் முடிந்து தசரா விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள். விடுமுறைக்கு உசிலம்பட்டி போனதும் அவன் அப்பா விஸ்வேஸ்வரய்யர் கேட்கப்போகும் முதல் பொருள் அவனுடைய டைரி. ஜூன் மாதம் அவனைக் கல்லூரியில் சேர்த்த அன்றே கடையில் வாங்கி, முதல் பக்கத்தில் தன் கையாலேயே "நடந்ததை மட்டும் எழுதவும்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். எழுந்த நேரம், படித்த பாடம், சாப்பாடு, கோயில், படுத்த நேரம் எல்லாம் தினந்தோறும் அதில் ஏற வேண்டும்.

அவர் தாலுகா ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷமாக ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறவர். தன் கல்யாணத்தன்றும் எழுதியிருக்கிறார், "திருமணம். மழை இல்லை" என்பது அன்றைய குறிப்பு. மகனிடம் அவர் அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். டைரியில் டெர்ம் வீணாய்ப் போயிருப்பது தெரிந்தால் கல்லூரி அத்தோடு நின்றுவிடும். தாலுகா ஆபீஸில் சம்பளமில்லாத குமாஸ்தாவாக உட்கார்ந்து காகிதம் காப்பி பண்ணிப் பழக வேண்டியதுதான். சொன்னால் செய்கிறவர் என்பதில் உசிலம்பட்டியில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.

சுப்பராமன் ஜூலை நாலாம் தேதிவரை எழுதினான். ஐந்தாம் தேதி மாலை அவனுடைய வகுப்புத் தோழன் விருமாண்டி அவனை வைகை மணலுக்கு அழைத்துப்போனான். அங்கே சடுகுடு ஆடினார்கள். அன்றிலிருந்து டைரி வெள்ளையாகவே இருந்தது. எண்பத்தெட்டு பக்கம்.

விருமாண்டி உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்துப் பையன். கல்லூரி ஹாஸ்டலில் இருந்தான். மாடி அறைக்கு வரும்போது, கீழே வீட்டுக்காரர் காதில் விழுகிற தூரத்தில் சுப்பராமனைச் 'சாமி' என்று கூப்பிடுவான். மாடிப்படி திரும்பியதும் 'மாப்ள' ஆகிவிடும். இந்த ஆபத்தில் துணை நிற்க அவன்தான் வந்திருந்தான். வரும்போது மூன்று பேனாக்கட்டையும் இரண்டு மைக்கூடும் கொண்டுவந்தான். ஒரே மையில் எழுதினால் அகப்பட்டுக்கொள்வோம் என்பது அவன் கருத்து. ஜூலைக்குத் தண்ணீர் கலந்த மை. ஆகஸ்டுக்குப் பாதி. செப்டம்பருக்கு முழு மை.

சுப்பராமனும் லேசுப்பட்டவன் அல்ல. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டான். ஏகாதசியன்று பலகாரம் என்று போட்டான். சனிக்கிழமைதோறும் எண்ணெய் தேய்த்துக்கொண்டான். ஆவணி அவிட்டத்துக்குப் பூணூல் மாற்றி, மறுநாள் காயத்ரி ஜபமும் பண்ணினான். ஆகஸ்டு மாதத்தில் ஓர் இடத்தில் சாம்பார் ஒரு சொட்டு சிந்தினான். செப்டம்பரில் ஒரு கொசுவை அடித்து அப்படியே மூடினான். மற்றபடி எல்லா நாளும் காலை ஐந்து மணிக்கு எழுந்தான், மாலை ஐந்தரைக்கு 'கோயில், அம்மன் தரிசனம்' என்று எழுதினான். அந்த வரியை முப்பது தடவை எழுதியபின் கை தானாகவே எழுத ஆரம்பித்துவிட்டது.

விருமாண்டி பாதியில் வாங்கிப் பார்த்தான். அவனுக்குத் திருப்தியில்லை.

"மாப்ள, இம்புட்டு நல்லவன எவன் நம்புவான்? நடுவுல மூணு நா காச்சலு போடு. காச்சக்காரன யாரும் கேள்வி கேக்க மாட்டாக."

சுப்பராமன் ஆகஸ்டு நடுவில் மூன்று நாள் காய்ச்சலில் படுத்தான். கஞ்சி குடித்தான். அதுவும் போதாதென்று விருமாண்டி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வரி சொன்னான். சுப்பராமன் சிரித்துக்கொண்டே அதையும் எழுதினான்: 'வீட்டுக்கு எழுதினால் அப்பா கவலைப்படுவார். எழுதவில்லை.'

மறுநாள் மத்தியானம் டெர்ம் முடிந்தது. நியாயமாகப் பார்த்தால் அந்த எண்பத்தெட்டு நாளில் சுப்பராமன் வகுப்புக்கு ஒழுங்காகப் போயிருந்தான். பரீட்சையில் மார்க்கும் மோசமில்லை. மாலை நேரங்கள் மட்டுந்தான் ஆற்று மணலில் போயின. அதை அப்படியே எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சடுகுடு ஆடி யாரோ கை ஒடித்துக்கொண்டதைப் பத்து வருஷத்துக்கு முன் பார்த்துவிட்டு, அந்த ஆட்டத்தின் பேரையே வீட்டில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தவர் விஸ்வேஸ்வரய்யர். எண்பத்தெட்டு மாலையும் சடுகுடு என்று எழுதிக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க எந்தப் பிள்ளைக்கு நெஞ்சு வரும்?

சனிக்கிழமை சுப்பராமன் போடி ரயிலில் உசிலம்பட்டி போய் இறங்கினான். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் காப்பி ஆனதும் அப்பா கூடத்தில் மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். வலது கையில் சிவப்புப் பென்சில். மேஜையின் ஒரு பக்கம் மகனுடைய டைரி. இன்னொரு பக்கம் அவருடைய டைரி. இரண்டையும் ஒத்துப் பார்ப்பார் என்று சுப்பராமன் நினைக்கவே இல்லை.

அம்மா பாலாம்பாள் கூடத்து ஓரத்தில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பிறந்து வளர்ந்தது மதுரையில். அப்பா திருநெல்வேலிப் பக்கம். மாற்றலாகி இங்கே வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஆபீஸ் காரியம், மகனைக் கல்லூரியில் சேர்த்தது தவிர வேறெதற்கும் அவர் மதுரைக்குப் போனதில்லை.

அப்பா வாய்விட்டுப் படித்தார். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு சிவப்பு டிக். ஜூலை முழுவதும் தேறிவிட்டது. சாம்பார் சொட்டைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் டிக் போட்டார். ஏகாதசிகளைத் தன் டைரியோடு ஒத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். சுப்பராமனுக்கு மூச்சு சீரானது. அப்போதுதான் காய்ச்சல் வந்தது.

முதல் நாளைப் படித்தார். இரண்டாம் நாளைப் படித்தார். மூன்றாம் நாளில், 'அப்பா கவலைப்படுவார், எழுதவில்லை' என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அந்த வரியை மறுபடியும் மனதுக்குள் படிப்பது உதட்டிலிருந்து தெரிந்தது. சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் அதைத் துடைத்தார். துடைக்க வேண்டிய அவசியம் கண்ணாடிக்கு இல்லை என்பதைச் சுப்பராமன் பார்த்தான். பதினேழு வருஷத்தில் அவன் அதுவரை பார்க்காத ஒன்றை அன்று பார்த்தான்.

"பாலா," என்றார் அப்பா, மேஜையைப் பார்த்தபடியே. "இவன் இங்கே இருக்கிற வரைக்கும் அரைப்படி பால் கூட வாங்கு."

அவ்வளவுதான். ஒரு அடி விழுந்திருந்தால் சுப்பராமன் தாங்கியிருப்பான். திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பான். இந்த அரைப்படிப் பாலை அவனால் தாங்க முடியவில்லை. சொல்லிவிடலாம், கல்லூரி போனால் போகட்டும், காகிதம் காப்பி பண்ணிக்கொண்டே காலத்தைக் கழிக்கலாம் என்று வாயைத் திறந்தான். அதற்குள் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பரில் ஒரு பக்கத்தில் அவர் பென்சில் அந்தரத்தில் நின்றது. தன் டைரியைப் புரட்டினார். மகனுடையதைப் பார்த்தார். மறுபடி தன்னுடையதைப் பார்த்தார்.

"அன்னிக்கு நீ அடுத்தாத்துப் பட்டு மாமியோட மதுரைக்குப் போயிருந்தியே," என்றார் மனைவியிடம். "ஆவணி மூலம். நான் எழுதி வெச்சிருக்கேன். 'பாலாம்பாள் மதுரை சென்றாள். அம்மன் தரிசனம். ரயில் தாமதம்.' இவனும் அன்னிக்கு அஞ்சரை மணிக்கு அம்மன் சந்நிதியிலே இருந்திருக்கான். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கலையா?"

அம்மாவின் கை அவரைக்காயோடு நின்றது. அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சுப்பராமனுக்கு விஷயம் உறைத்தது. ஆவணி மூலம், புட்டுத் திருவிழா. சுவாமி மண் சுமக்கப் போகிற நாள். காலையிலேயே சுவாமியும் அம்மனும் ஆற்றங்கரைப் புட்டுத்தோப்புக்குப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் திரும்பி வருகிறவரை கோயில் நடை சாத்தியிருக்கும். மதுரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி. அம்மன் இல்லாத கோயிலில், பூட்டிய கதவுக்கு உள்ளே, பிள்ளை தரிசனம் பண்ணியிருக்கிறான். பஞ்சாங்கத்தில் மூலம் என்று போட்டிருந்தது. நடை சாத்தியிருக்கும் என்று போட்டிருக்கவில்லை.

அம்மா ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்லூரி போச்சு.

"பார்த்தேனே," என்றாள் அம்மா.

"சொல்லவே இல்லையே நீ."

"நான் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கலை. ஏகக் கூட்டம். சுத்திச் சுத்தி வந்துண்டிருந்தான். மேல் சட்டைகூட இல்லை. உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டித்து. பக்தியிலே மெய்ம்மறந்து இருந்தான், கூப்பிட மனசு வரலை."

அப்பா திருப்தியாகத் தலையசைத்துச் சற்றுப் பெரியதாகவே ஒரு டிக் போட்டார். மீதி நாட்களை மௌனமாகவே படித்து முடித்தார். கொசுவைச் சுண்டிவிட்டார். கடைசிப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது. இரண்டாம் டெர்ம் தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

சுப்பராமன் அடுக்களைக்கு ஓடினான். அம்மா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நடை சாத்தின கோயிலுக்குள்ளே எப்படிடா போனே? ஓட்டைப் பிரிச்சா?"

அவன் அம்மாவின் காலைத் தொடப் போனான். கையைத் தட்டிவிட்டாள்.

"அந்தத் தடியன் உன் குடுமியைப் பிடிச்சு இழுத்தானே, வலிச்சுதாடா?"

அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிந்தது. புட்டுத் திருவிழா அன்று மாலை, புட்டுத்தோப்புக்குப் பின்னால் ஆற்று மணலில், அவர்கள் வகுப்புக்கும் ஆரப்பாளையத்துப் பையன்களுக்கும் சடுகுடு. சுற்றிலும் திருவிழாக் கூட்டம். ஆட்டக்காரர்களில் குடுமி வைத்தவன் இவன் ஒருவன்தான். எதிராளிக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியோடு இறங்குகிறான் என்று விருமாண்டி கேலி பண்ணுவான். அன்று ஒருவன் நிஜமாகவே பிடித்துவிட்டான். சுப்பராமன் மண்ணில் குப்புற விழுந்தும், மூச்சு விடாமல் அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டான்.

கூட வந்த பட்டு மாமி வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா அந்தக் கூட்டத்தில் எட்டிப் பார்த்திருக்கிறாள். அவன் விழுந்தபோது கையிலிருந்த புட்டுப் பொட்டலம் நழுவி மண்ணில் விழுந்ததாம். எழுந்து கோட்டைத் தொட்டபோது, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பூக்காரியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். "ஒம் புள்ளையா ஆத்தா?" என்று அவள் கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாளாம். ஆட்டம் முடிகிறவரை நகரவில்லை. அதில்தான் ரயில் தவறிப்போனது. அடுத்த ரயிலில் வந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கூட்டம் என்று மட்டும் சொன்னாள். மீதியை அப்பா தாமாகவே எழுதிக்கொண்டார். அவள் திருத்தவில்லை.

"அவர் பேனாவிலே வந்தாச்சுன்னா அது நடந்ததுதான்," என்றாள் அம்மா. "நான் யார் மாத்தறதுக்கு?"

பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவன் முகத்தை இரண்டு கையாலும் திருப்பிப் பார்த்தாள். காய்ச்சல் நிஜமா என்று கேட்டாள். இல்லை என்றான். அந்தக் கடைசி வரியும் பொய்தானா என்று கேட்டாள். விருமாண்டி சொல்லி எழுதியது என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா கண்ணாடி துடைத்தது கண் முன்னால் நின்றது.

"அந்த அரைப்படிப் பாலை ஒரு சொட்டு விடாமக் குடிக்கணும்," என்றாள் அம்மா. "அதுதான் உனக்குத் தண்டனை. இன்னொண்ணு. எனக்குத் தனியா ஒரு டைரி போடு. அதிலே நெஜம் மட்டுந்தான் வரணும்."

பத்து நாளும் காலையிலும் மாலையிலும் அப்பாவே தம்ளரைக் கொண்டுவந்து நீட்டினார். நிற்கிற நிலையிலேயே வாங்கிக் குடித்தான். ஒவ்வொரு வாயும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. அப்பா காலி தம்ளரை வாங்கிக்கொண்டு, "இப்போ தேவலையா?" என்று கேட்பார். அவனும் தேவலை என்பான்.

விடுமுறை முடிந்து மதுரைக்குத் திரும்பிய அன்றே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினான். மாலையில் ஆட்டம் முடிந்து, முழங்கால் தோலுரிந்த எரிச்சலோடு மாடி அறையில் உட்கார்ந்து, முதலில் அப்பாவுக்குக் காட்டும் டைரியை எடுத்து எழுதினான். 'மாலை ஐந்தரை' என்று எழுதியதும் பழக்க தோஷத்தில் கை அடுத்த வார்த்தைக்குப் போயிற்று. நிறுத்திக்கொண்டான். விருமாண்டியைக் கூட்டிக்கொண்டு கோயில்வரை போய், கிழக்கு கோபுர வாசல் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தான். உள்ளே போய் அம்மனையும் கும்பிட்டுவிட்டு வந்தான். மணி ஏழு. 'ஐந்தரை'யை அடித்துவிட்டு 'ஏழு' என்று திருத்தி, அதன்பிறகுதான் மீதியை எழுதினான்.

அப்புறம் அம்மாவின் நோட்டைத் திறந்தான். 'இன்று இரண்டு பேரைத் தொட்டேன். மூன்றாவது ஆள் என்னைப் பிடித்துவிட்டான். குடுமி அவிழவில்லை.'