புதிய தகவல் கிடைத்துள்ளது

எல்லாம் பச்சையாக இருந்த வாரம் அது. எங்கள் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. தாமதமான கோப்பு சிவப்பு, தாமதமாகப் போவது மஞ்சள், ஒழுங்காக நகர்வது பச்சை. நான் பொறுப்புக்கு வந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகக் கிடந்தது. அதைப் பச்சையாக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஆக்கிக் காட்டினேன். மேலதிகாரி கேக் வாங்கிவந்து வெட்டினார். எனக்குத்தான் அது ருசிக்கவில்லை. இவ்வளவு வலியோடு இருக்கிறவர்கள் இவ்வளவு சத்தமில்லாமலா நகர்வார்கள் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு.

மெல்பர்னில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. 'ஆஸ்பத்திரியிலயா இருக்கே?' என்பார்கள். இல்லை. இடுப்பு அறுவை சிகிச்சையில் உள்ளே வைத்த ஒரு பொருள் பலருக்குக் கெட்டுப்போய், பக்கத்திலிருந்த எலும்பையும் சதையையும் சேர்த்துக் கெடுத்தது. அதன் பெயர் வேண்டாம், ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம். அப்படிப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் ஒரு நட்டஈட்டுத் திட்டம் வைத்தது. அதன் செயல்பாட்டுத் தலைவி நான். யாருக்கு எவ்வளவு பாதிப்பு என்று முடிவு செய்வது மருத்துவர்கள். விண்ணப்பம் வாங்குவது, கடிதம் அனுப்புவது, மருத்துவரோடு வீடியோவில் நேரம் குறிப்பது, மொழிபெயர்ப்பாளரைப் பிடிப்பது, கோப்பை மூடுவது எல்லாம் என் ஆட்கள்.

கோரிக்கை ஏற்கப்பட்டால் காத்திருப்புப் பட்டியல் இல்லாமல் மறு அறுவை சிகிச்சை. வீட்டுக்கு உதவிக்கு ஆள், ஆயுசுக்கும். திட்டம் முடிய இன்னும் சில மாதங்களே இருந்தன. கோரிக்கையைத் திரும்பப் பெற்றவர் மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அந்த விதியை எழுதியது நான்தான். விண்ணப்பதாரர்களுக்காக எழுதிக்கொடுக்கும் சில ஏஜெண்டுகள் காலையில் திரும்பப் பெற்று மாலையில் வேறு மாதிரி எழுதி அனுப்பி எங்களைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தார்கள். கதவைச் சாத்தினேன். யார் விரல் அதில் நசுங்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

மாதம் பத்து கோப்புகளை எடுத்து, மருத்துவர் நோயாளியோடு பேசிய பதிவை முழுசாகக் கேட்பது என் வழக்கம். வெரிபீயில் இருக்கும் என் வீட்டிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து, ஒரு காபியை வைத்துக்கொண்டு, கதவை மூடிக்கொண்டு கேட்பேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆறாவது பதிவில் தமிழ் கேட்டது. நோபல் பார்க் பகுதியில் இருக்கும் ஒரு இலங்கைத் தமிழ் அம்மா, அவர்கள் பேச்சில் அன்ரி. எழுபதைத் தாண்டிய குரல். மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்கிறார், மொழிபெயர்க்கும் பெண் போனில் இருந்தபடி தமிழில் சொல்கிறாள்.

"வலி எப்படி இருக்கு?"

"பரவாயில்லை டொக்டர். கடவுள் புண்ணியத்தில சுகமா இருக்கிறன்."

"எழுந்து பத்து அடி நடந்து காட்ட முடியுமா?"

நடந்தார். மருத்துவர் 'வெரி குட்' என்றார். வீட்டில் சமையல் யார் என்று கேட்டதற்கு, குசினி வேலை எல்லாம் நானே பார்க்கிறன் என்றார். மருத்துவரின் அம்மா அப்பா சுகமா என்று வேறு விசாரித்தார். அறிக்கை என் முன்னால் இருந்தது: நேர்த்தியாக உடுத்தியிருக்கிறார், முகமலர்ச்சி, துணையின்றி நடக்கிறார், தொடரும் பாதிப்பு இல்லை. சரி, இவருக்கு ஒன்றும் ஆகவில்லை போல என்று நானும் அடுத்த பதிவுக்குப் போகக் கையை வைத்தேன்.

மருத்துவர் போய்விட்டார். பதிவு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளை, எல்லாம் ஒழுங்காச் சொன்னனான்தானே?" என்று அன்ரி மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். "விடியவே நாலு குளிசை போட்டிட்டுத்தான் வந்து இருந்தனான். ரெண்டுதான் போடச் சொன்னவை. இல்லாட்டி அந்தப் பெரிய மனுசனுக்கு முன்னால நெளிஞ்சுகொண்டும் முனகிக்கொண்டும் இருக்கோணும். என்ன மரியாதை அது? பின்னேரம் மருந்தின்ர வேகம் விட்டா இடுப்பு நாரியில கத்தி வைச்ச மாதிரி. கட்டிலை விட்டு எழும்பேலாது. நீங்கள் அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

அந்தப் பெண் தடுமாறி, "ஓகே அன்ரி" என்றாள். அத்தோடு பதிவு நின்றது.

பதிவைப் பின்னால் தள்ளி மறுபடி கேட்டேன். அடக் கடவுளே! எங்கள் ஆட்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு யார் இதைச் செய்வார்கள்? வலியைக் காட்ட வேண்டிய ஒரே நாளில், வலியைக் காட்டுவது மரியாதையில்லை என்று இரட்டிப்பு மாத்திரை போட்டுக்கொண்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்காருவார்களா? உட்காருவார்கள். நானே காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டுதான் போவேன். வீடியோவில் இருபது நிமிஷம் போதும் என்று குறைத்தவளும் நான்தான். பழைய முறையில் மருத்துவர்கள் பின்னேரமும் பார்த்தார்கள். என் பச்சைக்காக எல்லோரையும் காலையில் அடுக்கினேன்.

முடிவுக் கடிதம் இன்னும் போகவில்லை. மேலதிகாரியிடம் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டி, அர்த்தம் சொன்னேன். அவர் நல்ல மனுஷி, நியாயத்துக்கு நிற்பார். "மறு பரிசோதனைக்கு அனுப்பு, இந்த முறை வீட்டுக்கே போய்ப் பார்க்கட்டும்" என்று உடனே கையெழுத்துப் போட்டார். நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவள் மாதிரி என் இடத்துக்கு வந்தேன். அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்கூட.

மறு பரிசோதனைக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அதற்கு எங்களிடம் தயார் வாசகம் இருந்தது. மொழிபெயர்ப்பு நிறுவனம் தமிழில் போட்டு அனுப்பியது. வழவழவென்று இருந்தது. எனக்குத்தான் தமிழ் தெரியுமே, அந்தத் திமிர். ஒரு மூத்தவருக்குப் போகும் அரசாங்கக் கடிதம் கம்பீரமாக இருக்க வேண்டாமா என்று நானே உட்கார்ந்து திருத்தினேன். 'தங்கள் கோரிக்கை தொடர்பாக எமக்குப் புதிய தகவல் கிடைத்துள்ளது. தாங்கள் உட்கொண்ட மருந்துகள் குறித்து மேலும் ஆராயப்பட வேண்டியுள்ளது. எமது அதிகாரி தங்கள் இல்லத்துக்கு நேரில் வருகை தருவார்.' இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத் திருப்தியோடு அனுப்பினேன்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குப் போக நேரம் குறிக்க என் ஆட்கள் மூன்று தடவை போன் போட்டார்கள், யாரும் எடுக்கவில்லை. எங்கள் எண் அவர் போனில் தெரியாது, மறைத்த எண்ணாகத்தான் போகும். அதுவும் என் ஏற்பாடுதான். அன்ரியின் கோப்பு திரையில் பச்சையாகவே நின்றது. நான் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஏதோ நடக்கப் போகிறது என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை.

பதின்மூன்றாம் நாள் உறை வந்தது. கோரிக்கையைத் திரும்பப் பெறும் படிவம், கையெழுத்தோடு. பின்பக்கத்தில் நுணுக்கி நுணுக்கித் தமிழில் எழுதியிருந்தார்.

'மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மாவுக்கு. நான் குளிசை போட்டதை மறைத்தது பிழை. மன்னித்துக்கொள்ளுங்கோ. எனக்கு ஒரு நோவும் இல்லை. எனக்கு ஒன்றும் வேண்டாம். முந்தியும் இப்படித்தான் புதிய தகவல் கிடைத்திருக்கிறது என்று எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. பிறகு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து என்ர மகனை வில்லாவுட் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனவை. சிட்னிக்கு பஸ் ஏறிப் போய்ப் போய்ப் பார்த்தனான். இப்ப அவனுக்கு சிட்டிசன் அலுவல் நடக்குது. என்ர பிழைக்கு அவனை ஒன்றும் செய்துபோடாதேங்கோ.'

இந்தியாவிலிருந்து வேலை விசாவில், லேப்டாப்போடு விமானம் ஏறி வந்தவள் நான். எனக்கு அரசாங்கக் கடிதம் என்றால் மின்சாரக் கட்டணமும் வரியும். அந்த வீட்டில் அது கதவைத் தட்டப் போகிறவர்களின் பூட்ஸ் சத்தம். அவர் மொழியிலேயே, அழகாக, கம்பீரமாக, நானே உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு வழி பாக்கி இருந்தது. யார் திரும்பப் பெற்றாலும் அது அவர்களின் சொந்த முடிவுதானா என்று நாங்கள் போனில் ஒரு தடவை கேட்க வேண்டும். இல்லை என்று அவர் சொல்லிவிட்டால் படிவம் செல்லாது, கோரிக்கை உயிரோடு இருக்கும். ஆமாம், ஓம் என்றால் முடிந்தது. சாதாரணமாக இதை இளையவர்கள் யாராவது செய்வார்கள். நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். எண்ணை மறைக்காமல் கூப்பிட்டேன். நாலாவது தடவை எடுத்தார்.

"அன்ரி, வணக்கம். நட்டஈட்டு ஆஃபீஸ்ல இருந்து பேசுறேன். பயப்படாதீங்க, நானும் தமிழ்தான்."

தமிழ் ஆளை வைத்து விசாரிக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். எனக்கு அது உறைக்கவே சில நொடி பிடித்தது.

"ஓம் மகள், சொல்லுங்கோ."

"அன்ரி, அந்தக் கடிதம் நல்லதுக்குத்தான் போட்டது. உங்க வலி டாக்டருக்குத் தெரியல, திரும்பப் பார்க்கணும்னு. உங்க மகனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்க குடிவரவு ஆட்களே இல்லை. சத்தியமா."

"ஓம் மகள். நீங்கள் நல்ல பிள்ளை. நான் பொய் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நீங்க பொய் சொல்லல அன்ரி. உங்களுக்கு ஆபரேஷன் பண்ணணும். வீட்டுக்கு ஆள் வரும். ஒரே ஒரு வார்த்தை, வேண்டாம்னு நான் முடிவு பண்ணலன்னு சொல்லுங்க. போதும்."

"எனக்கு ஒண்டும் வேண்டாம் மகள்."

"இது உங்க சொந்த முடிவா அன்ரி?"

"ஓம்."

இன்னொரு தடவை கேட்டேன். இன்னொரு தடவையும் ஓம். பதிவில் ஏறிவிட்டது. அதை வேறு மாதிரி எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆனாலும் விடவில்லை. பேசிக்கொண்டே போனேன், கெஞ்சினேன், என் குரல் எனக்கே பிடிக்காத அளவுக்கு உயர்ந்தது. மகனிடம் கொடுங்கள் என்றேன். "வேண்டாம், அவனை இழுக்காதேங்கோ" என்றார். அந்தக் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. பயத்தில் நடுங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு இழுத்தது. அது பயமில்லை என்று மெல்லத்தான் புரிந்தது.

பின்னால் ஒரு ஆண் குரல் ஆங்கிலமும் தமிழுமாக, "அம்மா, ப்ளீஸ், சிட் டவுன். கதிரை இங்க இருக்கு" என்றது.

அன்ரி போனைப் பொத்திக்கொண்டு சொன்னதும் எனக்குக் கேட்டது. "சும்மா இரடா. ஆபீஸர் கதைக்கிறா. கதிரையில இருந்துகொண்டு கதைக்கிறதே?"

அழைப்பு பதினேழு நிமிஷம் ஓடியிருந்தது. பின்னேரம் நாலரை மணி, காலையில் போட்ட மாத்திரையின் வேகம் விட்டிருக்கும் நேரம்.

"உட்காருங்க அன்ரி" என்றேன்.

"பரவாயில்லை மகள், நீங்கள் சொல்லுங்கோ" என்றார், நின்றபடியே.

நான் பேசும்வரை அவர் உட்காரமாட்டார். போனை வைத்தேன்.