மீன்களுக்காக ஒரு நபர் மறியல்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் சொல்லித் தெரிவதைவிட அதில் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். எழுபதுகளின் நடுவில், வளைகுடா நாடு ஒன்றின் வட பகுதியில் நன்னீர் ஆய்வுக்கு ரசாயனம் படித்தவர் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பம் போட்டேன். வேலை கிடைத்தது. உடனே போய் ஒரு கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாயும் வாங்கினேன். வடக்கு என்றால் குளிர். திருச்சிக்காரனுக்கு இதில் சந்தேகமே வராது. பெட்டியில் இடமில்லாததால் இரண்டையும் போட்டுக்கொண்டே துபாயில் விமானத்தை விட்டு இறங்கினேன். ஜூன் மாதம்.

அழைத்துப் போக வந்திருந்த டிரைவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன சார், காச்சலா?" என்றார். அன்று முதல் அவருக்கு நான் காய்ச்சல்காரன்தான்.

எங்கள் ஆய்வுக்கூடம் துபாயிலிருந்து வண்டியில் போகிற தூரத்தில், சோஹார் என்ற ஊரில், கடலுக்குப் பக்கத்தில், ஏசி வைத்த ஒற்றை அறை. மாதம் ஒருமுறை லேண்ட் ரோவரில் மலைப்பக்கம் போவோம். கிணறு, கால்வாய், ஓடை என்று ஒவ்வொன்றிலும் பாட்டிலில் நீர் பிடித்து வருவோம். உப்பு எவ்வளவு, கடினத்தன்மை எவ்வளவு என்று நான் பார்த்து எழுதுவேன். உப்பை அளக்க ஊற்றும் சில்வர் நைட்ரேட் பட்டு என் விரல்கள் எப்போதும் கறுத்தே இருக்கும். மெஸ்ஸில் சாப்பாடு போடுகிறவன் என்னைக் கைகழுவத் தெரியாதவன் என்றே முடிவு கட்டியிருந்தான்.

அந்த ஓடைகளில் ஒன்றில் மீன் இருந்தது. விரல் நீளம்தான். கோடையில் ஓடை வற்றிப்போய், மலை இடுக்கில் ஒரே ஒரு குளம் மட்டும் மிஞ்சும். இரண்டு கூடத்தைச் சேர்த்துவைத்த அளவு, நெஞ்சளவு ஆழம். மழை வந்து வெள்ளம் புரண்டதும் அந்தக் குளத்து மீன்கள்தான் ஓடை முழுவதும் இறங்கிப் பரவும். மறுபடி வற்றினால் மறுபடி அதே குளம். ஒரு வருடம் தவறாமல் போய்ப் பார்த்ததில் எனக்கே இது விளங்கிவிட்டது. எனக்கு விளங்கியது என்றால் விஷயம் எவ்வளவு எளிது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கோடையில் ஒரு நிபுணர் வந்தார். பனிப்பிரதேசத்துக்காரர். பாதி வருடம் உறைந்து கிடக்கும் வடக்கு ஏரிகளிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கம்பளிச் சட்டைக்கு உண்மையிலேயே உரிமை உள்ள வடக்கு அது. நல்ல மனிதர், கெட்டிக்காரர். அவரைக் குளத்துக்குக் கூட்டிப்போனோம். பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இதில் எத்தனை மீன் இருக்கிறது?" என்றார்.

"எண்ணியதில்லை சார்."

வண்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து நீட்டினார். ஏதோ வேரிலிருந்து எடுத்த தூள். வாளியில் கரைத்துக் குளத்தில் ஊற்ற வேண்டுமாம். சற்று நேரத்தில் எல்லா மீனும் மூச்சுவிட முடியாமல் மேலே வரும். பொறுக்கி எண்ணினால் சரியான கணக்கு. ஊற்றும் டூட்டி எனக்கு.

எங்கள் பக்கம் மருந்து போட்டு மீன் பிடிக்கிறவனை ஊரே நின்று திட்டும். இங்கே அதே காரியத்துக்கு ஆராய்ச்சி என்று பெயர், மேலே சம்பளம் வேறு.

"மாட்டேன் சார்" என்றேன். சொன்னது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"மனிதனை இது ஒன்றும் செய்யாது."

"மீனைச் செய்யுமே."

"அதற்குத்தானே போடுகிறோம்? அறிக்கையில் எண் வேண்டும்."

"போட்டபிறகு எத்தனை மீன் இருக்கும் என்று நான் இப்போதே சொல்கிறேன். பூஜ்யம். எழுதிக்கொள்ளுங்கள்."

அவர் கோபப்படவில்லை. பொறுமையாக விளக்கினார். அவர்கள் ஊரில் எத்தனையோ ஏரிகளில் இப்படித்தான் செய்தார்களாம். சில வருடங்களில் பக்கத்து ஏரியிலிருந்து மீன் வந்துவிடுமாம்.

"உங்களுக்குப் பக்கத்து ஏரி இருக்கிறது சார். இதற்குப் பக்கத்தில் பாறைதான் இருக்கிறது."

அவர் டப்பாவை டிரைவர் பக்கம் நீட்டினார். டிரைவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, "ஐ டிரைவர் சார். ஒன்லி டிரைவிங்" என்றார். என்னிடம் திரும்பி, "இவரே கலக்கப் போறாரு சார். என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

எனக்குத் தெரிந்த போராட்டம் ஒன்றே ஒன்று. அதிலும் என் அனுபவம் பெருமைப்படும்படி இல்லை. கல்லூரியில் மறியல் நடந்தபோது போலீஸ் வேன் திரும்பும் சத்தத்துக்கே பின்பக்கச் சுவரேறிக் குதித்தவன் நான். இங்கே குதிக்கச் சுவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பேண்ட் சட்டையோடு குளத்தில் இறங்கி, ஓரத்துப் பாறைமேல் கழுத்தளவு நீரில் உட்கார்ந்துவிட்டேன்.

"சார்! என்னத்த பண்றீங்க? ஏறி வாங்க சார், விசாவ கட் பண்ணி ஊருக்கு அனுப்பிருவாய்ங்க!" என்று டிரைவர் கத்தினார்.

"அனுப்பட்டும். கம்பளிச் சட்டை தயாராக இருக்கிறது."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த நொடியே மானம் போனது. அந்த மீன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. காலை வைத்தால் கூட்டமாக வந்து கொறிக்கும். யாரைக் காப்பாற்ற உட்கார்ந்தேனோ அவர்களே என் உள்ளங்காலைக் கிச்சுகிச்சு மூட்டினார்கள். உலகத்திலேயே நெளிந்து நெளிந்து சிரித்துக்கொண்டே மறியல் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தன்னைத்தான் கேலி செய்கிறேன் என்று நிபுணர் நினைத்துவிட்டார். முகம் சிவந்து, வாளியில் நீரை மொண்டு டப்பாவின் மூடியில் கை வைத்தார்.

சிரிப்பு நின்றது.

"சார், நீங்கள் ஊற்றினால் நான் குளத்தையே கலக்கிவிடுவேன். அடிச்சேறு முழுக்க மேலே வரும். செத்த மீன் ஒன்றுகூட உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மீனும் போகும், எண்ணும் போகும்." சொன்னதோடு நிற்காமல் ஒரு காலை உதைத்தும் காட்டினேன். காப்பி நிறத்தில் ஒரு மேகம் எழும்பி வந்தது.

அவர் அந்தச் சேற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "உயிரோடு எப்படி எண்ணுவாய்? எண்ணிய மீனையே மறுபடி எண்ண மாட்டாய் என்பதற்கு என்ன உத்தரவாதம்?"

"பிடித்து வால் நுனியில் துளி வெட்டி விட்டுவிடுவேன். மறுநாள் மறுபடி பிடித்தால், அதில் வால் வெட்டிய மீன் எத்தனை, வெட்டாதது எத்தனை என்று பார்த்து மொத்தத்தைக் கணக்குப் போடலாம். எங்கோ படித்தேன் சார்."

"எனக்கும் தெரியும். நாளாகும்."

"ஆகட்டுமே சார். இவை எங்கும் போகாது."

அவர் வாளியிலிருந்த நீரைப் பாறைமேல் கொட்டினார். டப்பாவின் மூடியைத் திருகி இறுக்கினார். வண்டிக்குப் போய் அதைப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரு கைவலையும் வெள்ளைப் பேசினும் எடுத்துவந்து என் தலைக்குப் பக்கத்தில் பாறைமேல் வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிழலில் உட்கார்ந்தார்.

டிரைவர் வாய் பிளந்து நின்றார். எனக்கு ஜெயித்துவிட்டேன் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிருந்தது. அதற்குள் அந்தப் பிசாசுகள் என் குதிகாலுக்கு வந்துவிட்டன.

"சார், நான் எப்போது மேலே வரலாம்?" என்று கேட்டேன்.

அவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "எண்ணி முடித்ததும்."