டப்பாவுக்குள் போன டோக்கன்

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் வீட்டுக்காரருக்குக் காட்டில் டப்பா தேடப் போக வேண்டும். ஜியோகேச்சிங் என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுபோய் மரப்பொந்திலோ பாறை இடுக்கிலோ ஒளித்துவைப்பார். இடத்தின் குறிப்பு ஃபோனில் வரும். அதைப் பார்த்துக்கொண்டே போய், கண்டுபிடித்து, உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுதிவிட்டு வர வேண்டும். டப்பாவில் சின்னச் சின்னப் பொருள்கள் கிடக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஈடாகவோ அதைவிட ஒசத்தியாகவோ ஒன்றைப் போட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விளையாட்டு அவ்வளவுதான். ஈரோட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேரை மேய்க்கிற மனுஷன், முழங்காலெல்லாம் மண்ணோடு வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு ரெண்டு கெடச்சுது கண்ணு" என்று பல்லைக் காட்டுவார்.

இதே மனுஷனுக்கு எங்கள் சமையலறையில் உப்பு டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அது போகட்டும். உப்புக்காக நான் இவ்வளவு கொதிக்கவில்லை. நான் கொதித்தது அப்பாவின் டோக்கனுக்காக.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. அதுதான் டோக்கன். இறங்கும்போது பலகையில் இருக்கும் தன் ஆணியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் ஓர் ஆணி காலியாக இருந்தால், அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சுரங்கத்தை மூடியபோது அந்த டோக்கன் அப்பாவோடேயே வந்துவிட்டது. இப்போது பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் மாடி வீட்டு வாசற்கதவை ஒட்டி ஓர் ஆணியில் தொங்குகிறது. பால் பாக்கெட் வாங்கப் போனாலும் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். திரும்பி வந்தால் அதை மாட்டிவிட்டுத்தான் செருப்பையே கழற்றுவார்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் கவுன்ட்டரில் இருக்கிறேன். நாள் முழுக்க ஊராரோடு சண்டை போட்டுவிட்டு சாயங்காலம் படியேறி வந்தால் என் கண் முதலில் அந்த ஆணிக்குத்தான் போகும். டோக்கன் இருந்தால் அப்பா உள்ளே இருக்கிறார். இல்லாவிட்டால் அல்சூர் ஏரிப் பக்கம் எங்கேயோ உட்கார்ந்து யாரோடோ வம்பு பேசிக்கொண்டிருக்கிறார். அவருக்கு மூச்சு வாங்கும் சீக்கு உண்டு, ஃபோனை எடுத்துப் போகவும் மாட்டார். அதனால் அந்த ஆணி எனக்கு ரொம்ப அவசியம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் கூட வருகிறேன் என்றார். கனகபுரா சாலையில் போய் உள்ளே திரும்பினால் ஆற்றங்கரையோரம் ஒரு புதர்க்காடு, அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதை நெடுக நாலைந்து டப்பாக்கள் ஒளித்துவைத்திருப்பதாக இவர் ஃபோன் சொல்லியது. மருமகன் வாங்கித் தந்த டி-ஷர்ட்டை அப்பா ஆசையாகப் போட்டுக்கொண்டார். அதில் பை இல்லை. டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தவர், கடைசியில் காரில் கியர் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழியில் போட்டுவைத்தார். நான் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பாதை தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. அப்பாவால் அதற்குமேல் நடக்க முடியாது, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் அவரோடு இருந்துவிட்டேன். இவர் மட்டும் காட்டுக்குள் போனார், திரும்பி வந்து காரைத் திறந்து எதையோ எடுத்தார், மறுபடியும் ஓடினார். தண்ணீர் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியாக வந்தபோது கையில் ஒரு குட்டித் திசைகாட்டி இருந்தது. டப்பாவில் கிடைத்ததாம். வழியெல்லாம் அதை வைத்துக்கொண்டு, வடக்கு இது, தெற்கு இது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார்.

வீட்டு வாசலில் கார் நின்றதும் அப்பா அந்தக் குழிக்குள் கையை விட்டார். துழாவினார். பிறகு சீட்டுக்கடியில் பார்த்தார்.

"இங்க டோக்கன் வச்சிருந்தேனே மாப்ள."

"எந்த டோக்கனுங்க மாமா?" என்றார் இவர். பிறகு முகம் மலர்ந்து, "ஓ, அந்தப் பித்தளை வில்லையா? கோயில் செருப்பு ஸ்டாண்ட் டோக்கன் தெரியாம நம்மகூட வந்துருச்சுன்னு நெனச்சேன். டப்பாவுல திசைகாட்டி நல்லா இருந்துச்சு. பதிலுக்குப் போட கையில ஒண்ணுமில்ல, அதைப் போட்டுட்டு எடுத்தேனுங்க" என்றார்.

கல்யாணமாகி மூன்று வருஷம். மூன்று வருஷமாக அந்த வாசலைத் தாண்டித்தான் போகிறார், வருகிறார். செருப்பு விடும்போது அவர் தோள் அந்த ஆணியில் உரசும். காட்டுக்குள் வேருக்கடியில் கல்லை அடுக்கி மூடிவைத்த டப்பாவை இந்தக் கண் கண்டுபிடிக்கும். தன் வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் பளபளவென்று தொங்குவது அதே கண்ணில் பட்டதே இல்லை. எனக்கு உச்சிமண்டை வரை சூடேறியது. வழக்கமாக அவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயில் வந்தது "யோவ்".

அப்பா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருமகனை அவர் சொல்லவே மாட்டார். என்னைப் பார்த்து, "உன் புருசனுக்கு நீ சொல்லித் தர வேணாமாடி" என்றார். தப்பு செய்தவர் அங்கே நிற்கிறார், திட்டு எனக்கு. பிறகு மெல்லப் படியேறி, கதவுக்கு வெளியே மேல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வாப்பா. அவரு போய் எடுத்துக்கினு வருவாரு."

"டோக்கன் மாட்டாம எப்படி உள்ள வர்றது?"

"இது சுரங்கமாப்பா? வீடுப்பா."

"எனக்குத் தெரியும். நீ போ."

அவர் ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் மேற்கொண்டு வாதாட முடியவில்லை. இளவயசில் ஒருநாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர், டோக்கனை மாட்ட மறந்து, பாக்கெட்டில் போட்டுக்கொண்டே நேராக மேட்னி ஷோவுக்குப் போய்விட்டார். பலகையில் அவர் ஆணி காலி. கூட வேலை செய்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் அவரைத் தேடி மறுபடியும் கீழே இறங்கியிருக்கிறார்கள். அதில் ஒருவர் மேல் கல் சரிந்து கால் நொறுங்கிப்போயிற்று. அப்பா தியேட்டரில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். அந்த மனிதர் கடைசிவரை கட்டையை ஊன்றித்தான் நடந்தார். எங்கள் வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதெல்லாம் அப்பா அவர் காலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். அதற்குப் பிறகு டோக்கனை மாட்டாமல் அப்பா எந்த வாசலையும் தாண்டியதில்லை.

கீழ் வீட்டு அக்காவிடம் அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நாங்கள் திரும்பவும் காரில் ஏறினோம். பனசங்கரி தாண்டும்போது இவர் ஃபோன் மணியடித்தது. நான் எடுத்துப் பார்த்தேன். எவனோ அந்த டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டதாகப் போட்டிருந்தான், கூடவே ஒரு படம். உள்ளங்கையில் அப்பாவின் டோக்கன். "இன்னைக்குக் கிடைச்ச புதையல்" என்று எழுதி, பக்கத்தில் இரண்டு இதயம் வேறு.

"புதையலாம்" என்றேன்.

"அந்தப் பாதையில இன்னும் டப்பா இருக்குது கண்ணு. அதையும் தேடாம போக மாட்டாங்க. புடிச்சிரலாம்" என்றார் இவர். அன்று அவர் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

காட்டுக்குள் ஓட்டமும் நடையுமாகப் போனோம். நீர்மருது மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து நிற்கின்றன, நிழல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் நிற்க முடியாது. பெங்களூரில் நாமெல்லாம் காலையில் குளித்துத் துவைத்து விட்ட தண்ணீர்தான் அங்கே நுரை தள்ளிக்கொண்டு போகிறது. புதருக்குப் புதர் சிப்ஸ் பாக்கெட்டும் பீர் பாட்டிலும். இவ்வளவு குப்பை எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்க, அதற்குள் ஒரு டப்பாவை ஒளித்துவைத்துத் தேடுகிறார்களே என்று அதற்கும் சேர்த்து எனக்கு எரிந்தது.

ஒரு திருப்பத்தில் ஆளைப் பிடித்தோம். சென்னைப் பக்கத்துப் பிள்ளைகள், ஒரு பையனும் ஒரு பெண்ணும், ஆபீசில் ஒன்றாக வேலை செய்கிறவர்களாம். பாறைக்கடியில் குச்சியை விட்டு அடுத்த டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இவர் விஷயத்தைச் சொன்னார், கூழைக் கும்பிடு போட்டு, ஆயிரம் "சாரிங்க" சேர்த்து.

"சாரி சார், ரூல்படிதான் எடுத்தோம்" என்றான் அவன். "பதிலுக்கு கீசெயின் போட்டிருக்கோம். ஃபேர் ட்ரேட். இது என் ஆபீஸ் டேபிள்ல செமையா இருக்கும்."

"அது எங்கப்பாவோடது தம்பி. தெரியாம போட்டுட்டாரு" என்றேன். அதுவரை பொறுமையாகத்தான் பேசினேன்.

"புரியுது மேம். வேணும்னா ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க."

அவ்வளவுதான். அதற்குப்பிறகு நான் பேசியதில் பாதியை இங்கே எழுத முடியாது. எழுதக்கூடியது இது. "ஃபோட்டோவ ஆணியில மாட்டுறது செத்தவங்களுக்குப்பா. எங்கப்பா உசுரோட இக்கிறாரு. இது வந்து சேர்ற வரைக்கும் வீட்டுக்குள்ள வர மாட்டேன்னு படியில குந்திக்கினு இக்கிறாரு. உன் டேபிளுக்கு இன்னா இப்போ கேடு வந்துடுச்சு?"

அவன் நம்பவில்லை. டோக்கனுக்காக யாராவது வெயிலில் படியில் உட்காருவார்களா என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான். நான் பாறைமேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடமாக நின்று, கீழ் வீட்டு அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அக்கா படியேறி ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். அப்பா அதே மேல்படியில். புது டி-ஷர்ட் முதுகெல்லாம் வியர்வை. பக்கத்தில் மூடிவைத்த சோற்றுத் தட்டு.

"ஊட்டா வேணவே வேணாங்கிறாரு. தண்ணி மட்டும் குடிச்சாரு. மூச்சு வேற வாங்குது" என்றாள் அக்கா.

அப்பா ஃபோனுக்குள் எட்டிப் பார்த்தார். "கெடச்சுதா?"

நான் ஃபோனை அந்தப் பெண்ணின் பக்கம் திருப்பிப் பிடித்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரென்று தெரியாமல் அவளிடமும், "கெடச்சுதாம்மா?" என்று கேட்டார்.

"கெடச்சிடுச்சு தாத்தா" என்றாள் அவள். அவன் கையிலிருந்து டோக்கனை வாங்கி என் கையில் வைத்தாள். அவன் ஏதோ ரூல் சொல்ல வந்தான். "சும்மா இரு" என்றாள். இவர் அந்தத் திசைகாட்டியை எடுத்து அவளிடம் நீட்டினார், அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அப்படியும் அவள் பையின் மேல் வைத்துவிட்டுத்தான் வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டோக்கனைக் கையில் வாங்கிச் சட்டையில் துடைத்தார். ஆணியில் மாட்டினார், செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார். "சாம்பார சூடு பண்ணுடி" என்றார். கனகபுரா சாலையை ஒரே நாளில் இரண்டு தரம் போய் வந்தவள் நான். ஒரு "வந்துட்டியா" கிடையாது.

அடுத்த ஞாயிறு காலையில் டொக் டொக்கென்று சத்தம். அப்பா வாசலில் சுத்தியலோடு நின்றிருந்தார். அவர் ஆணிக்குப் பக்கத்தில் இன்னொரு புது ஆணி. அதில் சிவாஜிநகர் இரும்புக்கடையில் வாங்கிய பித்தளை வாஷர் ஒன்று. தன் நம்பருக்கு அடுத்த நம்பரை அதில் கம்பியால் கீறி வைத்திருந்தார்.

"மாப்ள, காட்டுக்குப் போறப்ப இத எடுத்துக்குங்க. வந்ததும் மாட்டிடுங்க. டப்பாவுல மட்டும் போட்டுடாதீங்க" என்றார்.

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிங்க மாமா" என்று அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். டோக்கனைத் தொலைத்த புண்ணியவானுக்கு ஆணி அடித்துக் கொடுத்தாயிற்று.

"ஏம்ப்பா, நான் ஒருத்தி தினம் பஸ்ஸுல தொங்கிக்கினு போய் வரேனே. நான் பள்ளிக்கூடம் போன நாள்லேர்ந்து நீ எனக்கு ஒரு ஆணி அடிச்சியா?"

அப்பா சுத்தியலை உள்ளே வைக்கப் போனவர் நின்றார்.

"உனக்கு எதுக்குடி டோக்கன்? நீ தெருமுனையில ஆட்டோக்காரன்கிட்ட போடுற சண்டை இங்க கேக்கும். அது கேட்டாதான் நான் பாய விரிச்சுப் படுப்பேன். கேக்காத அன்னிக்கு ஜன்னலாண்டயே நிப்பேன்."

அவர் ஜன்னலருகே நிற்பது எனக்குத் தெரியாது. தெருவை வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு அப்போதும் கோபம் தீரவில்லை. அப்பா கையிலிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டு, ஆணி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன்.