மகளை மடியில் அமர்த்திய நாள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. கல்கத்தாவில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். எனக்கு ரயில்வே ஆபீசில் வேலை. நாள் முழுக்க நாற்காலி, ஃபைல், நடுநடுவே காபி. வீட்டுக்கு வந்தால் மிளகாய்ப்பொடி இல்லாமல் எதுவும் இறங்காது. இப்படிப் பல வருஷம் ஓடினால் என்ன வரும்? மூலம் வந்தது.

அந்த வார்த்தையை எழுத இப்போதும் கை கூசுகிறது. மனைவியைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆபீஸ் டாக்டர் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்தாக வேண்டும், பிறகு சில வாரம் படுக்கை என்றார். அங்கேதான் சிக்கல். என் ஒரே பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வழக்கப்படி, பெண்ணை அப்பா மடியில் உட்காரவைத்துக்கொள்ள, அப்படியேதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். அப்பாவுக்கு ஆசனம் நெல் மூட்டை. பஞ்சு மெத்தையிலேயே உட்கார முடியாதவன் நெல் மூட்டையில் எப்படி உட்காருவது? போதாக்குறைக்கு என் பெண் நல்ல உடம்புவாகு.

"உங்க தம்பியும் ஓர்ப்படியும் உட்கார்ந்து பண்ணிக் கொடுக்கட்டுமே" என்றாள் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் மடியில் வளர்ந்த குழந்தையை அன்றைக்கு இன்னொருத்தர் மடியில் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

என் ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் கீழ்வீட்டு வங்காளிக்காரர்; தாதா, அதாவது அண்ணா, என்று கூப்பிடுவோம். காலி ட்ராமில்கூட நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் இருக்கும் டல்ஹௌசி வரை நின்றே போவதைக் கவனித்திருக்கிறார். ஒருநாள் மாடிப்படியில் வழிமறித்து, "என்ன மஷாய், அர்ஷா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்தார். அவர்கள் பாஷையில் மஷாய் என்றால் ஐயா, அர்ஷா என்றால் மூலம். வயிற்றுச் சமாசாரத்தை அவர்கள் மழை, வெயில் மாதிரி சாதாரணமாகப் பேசுவார்கள். நான்தான் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னைக் காளிகாட்டில் ஒரு கவிராஜிடம் இழுத்துப் போனார். ஆயுர்வேத வைத்தியரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பருத்த சரீரம், வாய் நிறைய வெற்றிலை, பெரிய குரல். பரிசோதித்துவிட்டு, வலியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன், தண்ணீர் குடிக்கிறேனா, மேலதிகாரி கூப்பிட்டால் வந்ததை அடக்கிக்கொண்டு ஓடுகிறேனா என்றெல்லாம் துருவினார். எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னேன்.

"உங்களுக்கு வலிக்கிற இடம் கடைசி ஸ்டேஷன், ரயில்வேக்காரரே. வண்டி வயிற்றில்தான் கிளம்புகிறது" என்றார்.

ராத்திரியில் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த பொடி. அதையே கஷாயமாக்கி, வெதுவெதுப்பாகத் தொட்டியில் ஊற்றி அதில் உட்காரவேண்டும். சாப்பாட்டுக்கு மோர். காபிக்கும் மிளகாய்க்கும் தடை. வாரத்தில் பல நாள் 'ஓல்' சாப்பிடச் சொன்னார். அது என்ன என்று பார்த்தால் நம்ம சேனைக்கிழங்கு. எங்கள் ஊரிலும் மூலத்துக்குச் சேனையைத்தான் சொல்வார்கள். அத்தனை தூரம் தள்ளி ஒரு வங்காளி வாயிலும் அதே கிழங்கு வந்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. அடியோடு போய்விடும் என்று மட்டும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. ரத்தம் போவது நிற்காவிட்டால் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று கண்டித்துச் சொன்னார்.

பெண்ணிடம், அப்பாவுக்கு வாயு என்று சொல்லிவைத்தோம். சேனை வறுவல், சேனை மசியல், சேனைக் கூட்டு என்று வீடே சேனைமயமானது. அவளும் ஒரு கேள்வியும் கேட்காமல் சாப்பிட்டாள். கல்யாண வாரத்துக்குள் ரத்தம் நின்றது. நாற்காலியில் உட்கார முடிந்தது. ஆனால் நெல் மூட்டையில் முடியுமா? கவிராஜிடம் கேட்டேன். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "தைரியமாக உட்காருங்கள்" என்றார். அவ்வளவுதான்.

முகூர்த்தத்தன்று பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையில் உட்கார்ந்தேன். கூறைப்புடவையில் என் பெண் வந்து மடியில் அமர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். பாரமே தெரியவில்லை. மந்திரம் நீண்டுகொண்டே போனது, அப்போதும் தெரியவில்லை. கெட்டிமேளம் கொட்டி, தாலி ஏறியது. இப்படியும் ஒரு மருந்து உண்டா என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் எழுந்தபோது கால்கள் வெடவெடவென்று நடுங்கின. "பொண்ணு எப்படிப் பயந்துண்டு நடுங்கறா பாரேன்" என்று மாமிகள் கேலி செய்தார்கள். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

கல்யாண சந்தடி ஓய்ந்ததும், லட்டும் முறுக்குமாகக் கவிராஜிடம் ஓடினேன். உங்கள் மருந்தில் என் பெண்ணின் பாரமே தெரியவில்லை என்றேன். அவர் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எப்படித் தெரியும்? அவள் பாரத்தை உங்கள்மேல் வைக்கவே இல்லையே."

அன்றைக்கு மாடிப்படியில் தாதா கேட்டது என் பெண் காதிலும் விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் கவிராஜைத் தேடி வந்திருக்கிறாள். அப்பா என் பாரம் தாங்குவாரா என்று, என்னைவிட நல்ல வங்காளியில், நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள். உட்காரலாம், பாரம் மட்டும் கூடாது என்றிருக்கிறார் இவர். அப்படியானால் உட்காராமல் உட்காருகிறேன், அப்பாவிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்றாளாம். கல்யாணம் முடிகிறவரைதான் வாக்குக் கொடுத்தேன் என்றார் கவிராஜ்.

ஒன்பது கஜப் புடவைக்குள் யாருக்கும் தெரியாமல், இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, அத்தனை மந்திரம் முடிகிறவரை அவள் தன்னைத் தானே தூக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். தன் வாழ்க்கையின் அந்த நிமிஷத்தில்கூட அவள் நினைப்பெல்லாம் என்மேல்தான் இருந்திருக்கிறது.

இன்றுவரை நான் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் தாலியைப் பார்ப்பார்கள், என் கண் மட்டும் பெண்ணின் பாதங்களுக்குப் போகும். பெற்றவன்தான் பிள்ளையைத் தாங்குகிறான் என்று அதுவரை நினைத்திருந்தது எவ்வளவு அறியாமை என்று அப்போதெல்லாம் தோன்றும்.