கதவுக்கு வெளியே பாடிய ரேடியோ

உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய கறுப்பு ரேடியோ அது. ஏரியல் பாதியில் முறிந்து, நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. கும்மிடிப்பூண்டி அகதி முகாமின் பால்வாடி வாசலில் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் ரேடியோவை வைத்து, சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டுத்தான் விசாரணைக்கு வந்திருந்த மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். வந்த வேலையை விட்டுவிட்டு இந்த அம்மாவுக்குக் கச்சேரி கேட்கிறதா என்று முகாமே முணுமுணுத்தது. ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரரான அப்பா, முதல் நாள் மாலைக்குள்ளேயே அவருக்குப் 'பாட்டுக்கார மேடம்' என்று பெயர் சூட்டிவிட்டார்.

இலங்கையில் போர்நிறுத்தம் வந்திருந்த காலம். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். ஊருக்குத் திரும்பும் பேச்சு முகாமில் கிளம்பியபோது முதலில் எழுந்து நின்றவர் அப்பா. தன் காணியையும், கிணற்றையும், கிணற்றடி மாமரத்தையும் தெருக் குழாயடியில் நின்று அவர் வர்ணித்த வர்ணிப்பில், தயங்கிக்கொண்டிருந்தவர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள். சைக்கிளை விற்றார். அம்மாவின் ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். அம்மாவின் தம்பியை அந்த ஊரில்தான் ஓர் அதிகாலையில் ஆயுதங்களோடு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. மடியில் என்னைக் கட்டிக்கொண்டு படகேறிய அம்மாவிடம், திரும்பிப் போகச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என்னையும் யாரும் கேட்கவில்லை. அப்போது எனக்கு இருபது வயது, சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. அப்பாவின் ஊர் எனக்கு அவர் சொல்லும் கதை, அவ்வளவுதான்.

போக விரும்புகிறவர்களை விசாரிக்க, அகதிகளுக்கான ஒரு சர்வதேச அலுவலகத்திலிருந்து வந்தவர் மேடம். பெரிய அலுவலகம் என்றாலும் ஆள் பக்கத்திலிருக்கும் எளாவூர்க்காரர். எங்கள் முறை வந்த நாளில், குடும்பத் தலைவர் என்கிற மிடுக்கோடு அப்பா எங்கள் இருவரையும் பின்னால் நிறுத்திக்கொண்டு நுழையப் பார்த்தார். மேடம் வழியை மறித்தார்.

"ஒவ்வொருத்தரா வாங்க. பெரியவரே, மொதல்ல நீங்க மட்டும்."

"என்ர மனுசி நான் சொல்லுறதைத்தான் சொல்லுவாள், பிள்ளை."

"அப்ப அத அவங்க வாயாலயே சொல்லட்டுமே."

அப்பா போய் வந்தார், நெற்றியெல்லாம் வியர்வை. அடுத்து நான். உள்ளே குழந்தைகள் உட்காரும் குட்டிப் பெஞ்சு, எதிரே மேடம். வெளியே ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. அதை எதற்கு வைத்திருக்கிறார் என்பது உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. தும்மினால் அடுத்த வீட்டில் 'நூறு' என்று வாழ்த்தும் முகாம் அது. அங்கே யாருக்கும் தனியாகப் பேச ஓர் இடம் இருந்ததில்லை. "அப்பா சொன்னது எனக்கு வேணாம்மா. உனக்குப் போக இஷ்டமா?" என்றார். வீட்டுப் பேச்சில் பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் தெருப் பேச்சு வந்து விழுந்தது. "எனக்கு இன்னா மேடம் தெரியும் அந்த ஊர? நான் போவல." அவர் சிரித்துவிட்டார். "அப்டியே நம்மூருப் பொண்ணாட்டம் பேசுற. பயப்படாத, இது இந்த ரூம தாண்டாது." கடைசியாகப் போன அம்மா வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளே சரியான புழுக்கம் என்றார்.

சில நாள் கழித்து மேடம் எங்கள் வீட்டுக்கே வந்தார். "இந்த வாட்டி உங்க குடும்பத்துக்கு இல்லீங்க. ஆபீஸ் முடிவு. காரணம் சொல்ல மாட்டோம். திட்றதா இருந்தா என்னைத் திட்டுங்க, வேற யாரையும் திட்டாதீங்க."

அப்பா திட்டினார். அன்றைக்கு மட்டுமல்ல, வருஷக்கணக்கில். "இன்னா பெர்சு, கப்பலு இன்னும் வர்லியா?" என்று டீக்கடைக்காரர் சீண்டினால் போதும், எங்கள் வாழ்க்கையைக் கெடுத்தவள் என்று மேடத்தை வறுத்தெடுத்துவிடுவார். மேடமோ முகாமுக்கு வரும்போதெல்லாம் அப்பாவுக்கு வணக்கம் சொல்வார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். பின்பக்கமாக அம்மா அவருக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுப்பார். எனக்காக அந்தப் பெண் இத்தனை ஏச்சையும் வாங்கிக்கொள்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அங்கே மறுபடி போர் மூண்டது. அதன் கடைசி மாதங்களில் தொலைக்காட்சியில் அப்பாவின் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். மாமரம் இல்லை, கிணறு இல்லை, புகை மட்டும். அப்பா எழுந்து அதை அணைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளையை நான் ஏசியிருக்கக் கூடாது" என்றார். "அண்டைக்கு அந்த அறையில, ஆராவது வற்புறுத்துறாங்களோ எண்டு கேட்டவள். நான்தான் என்னை வற்புறுத்துறன் எண்டு சொன்னனான். ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டன், இனி எப்பிடிப் போகப் பயமெண்டு சொல்லுறது எண்டு அழுதனான்."

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "நானும் போகமாட்டன் எண்டுதான் சொன்னனான்."

"நானும்" என்றேன். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதோம். அழுகை முடிவதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே அறையில் படுத்தெழும்பும் மூன்று பேர் மூன்று ரகசியங்களை வைத்திருந்தோம். மூன்றையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, பழியையும் தானே சுமந்தவர் அவர்.

தஞ்சம் புகுந்தவரை உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு வற்புறுத்தி அனுப்பக் கூடாது, திரும்புவது அவரவர் விருப்பமாக இருக்க வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் சொல்வதைப் பின்னாளில் படித்தேன். அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதையும் படித்தேன். வற்புறுத்தல் என்றால் துப்பாக்கியோடு ஒரு அரசாங்கம் நிற்பது என்றுதான் நானும் நினைத்திருப்பேன். அது சோறு போடும் கையாகவும், குழாயடியில் விட்ட சவடாலாகவும் இருக்கலாம் என்று மேடத்துக்குத் தெரிந்திருந்தது. நாடுகள் பேசி முடித்த சட்டத்தை எங்கள் வாசல்வரை கொண்டுவந்தது முறிந்த ஏரியலுள்ள அந்த ரேடியோதான். நாங்கள் உயிரோடு இருப்பது அவரால். இதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டார், தேடியும் கிடைக்கவில்லை.

அப்பா கடைத்தெருவில் தேடி அதே மாதிரி ஒரு ரேடியோ வாங்கி வந்தார். எங்காவது பாட்டு அலறினால், "உள்ளுக்குள்ள ஆரோ உண்மை கதைக்கினம்" என்பது எங்கள் வீட்டு வழக்காகிவிட்டது.

சென்ற மாதம் மறுபடி அந்தப் பேச்சு வந்தது. விருப்பமுள்ளவர்கள் ஊர் திரும்பலாமாம். அப்பா ரேடியோவை எடுத்து வாசல் நாற்காலியில் வைத்தார். சத்தத்தை முழுக்கத் திருகினார். "முதல்ல நீர் பிள்ளையோட கதையும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

"இஞ்சாருங்கோ, அதை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கு வாங்கோ. நான் போகமாட்டன். இனி இதைச் சொல்ல எனக்குப் பாட்டு வேண்டாம்."